விடியலில் மொட்டு, அந்தியில் மலர்: வடசென்னையிலிருந்து ஒரு பூப்பயணம்

பங்குனி பிறந்ததும் எங்கள் திருவொற்றியூர் தெருவில் ஒரு நாள் காலை புங்கமரத்தடி வெள்ளையாகிவிடும். முந்தின இரவு கூட்டிப் பெருக்கிய இடத்தில் யாரோ ஒரு படி பொரியை இறைத்துவிட்டுப் போனது போலிருக்கும். சங்கப் புலவர்களும் புங்கம்பூவைப் பொரிக்குத்தான் ஒப்பிட்டார்கள். குனிந்து ஒன்றை உள்ளங்கையில் எடுத்துப் பார்த்தால் அவரைப்பூவின் சாயலில், வெள்ளையில் இளஞ்சிவப்பு ஓடிய சின்னஞ்சிறு பூ. அந்தக் காலை வந்துவிட்டால், நகரத்துக்கு வெளியே வடமேற்கில் பூக்காலம் தொடங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

வேலைக்காக எண்ணூர், மணலி, மாதவரம் பக்கம் புதிதாகக் குடிவந்தவர்கள் "இங்கே பார்க்க என்ன இருக்கிறது, கன்டெய்னர் லாரியைத் தவிர?" என்று என்னிடம் கேட்பதுண்டு. அவர்களுக்காகவும், இங்கேயே பிறந்து வளர்ந்தும் செங்குன்றத்துக்கு அப்பால் பூப்பார்க்கப் போகாதவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். செங்குன்றம், பெரியபாளையம், ஊத்துக்கோட்டை, பூண்டி, திருவள்ளூர், மறுபடி செங்குன்றம். ஏறத்தாழ 150 கிலோமீட்டர் சுற்று. ஒரு நாளில் போய்வந்துவிடலாம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் ஊர் இளவேனில் மலைச்சரிவு முழுக்க ஒரே பூவாக விரிந்து கிடக்காது. இங்கே மரம் மரமாக, திருப்பம் திருப்பமாகப் பூக்கும். அதுவும் வெயில் ஏறும் பருவத்தில் பூக்கும். ஆகவே எங்கே போகிறோம் என்பதைவிட எத்தனை மணிக்குப் போகிறோம் என்பது முக்கியம். என் பயணத்துக்கு நான் வைத்திருக்கும் கடிகாரம் மல்லிகை மொட்டு. விடியலில் பறிக்கும் மொட்டு அந்தியில் விரியும். அந்த இடைவெளிதான் உங்கள் பகல்.

எந்த வாரம் போவது

பங்குனி நடுவிலிருந்து சித்திரை நடுவரை, அதாவது மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரல் கடைசிவரை. இதற்குள்ளும் வாரத்துக்கு வாரம் காட்சி மாறும்.

மாசியிலேயே போனால் புரசு பூத்திருக்கலாம். இலையெல்லாம் உதிர்ந்த கிளையில் கிளிமூக்குப் போல வளைந்த செம்மஞ்சள் பூக்கள். புரசைவாக்கத்துக்குப் பெயர் கொடுத்த மரம் இதுதான். அங்குள்ள கங்காதீசுவரர் கோயிலின் தலவிருட்சமும் இதுவே. பங்குனி முழுக்கப் புங்கமும் வேம்பும். தூங்குமூஞ்சி மரங்களும் இளஞ்சிவப்புக் குஞ்சங்களைக் கட்டிக்கொண்டு நிற்கும். சித்திரை பிறந்தால் சரக்கொன்றை, குல்மோகர், வாகை. குண்டுமல்லி இந்த மாதங்கள் முழுவதும் இருக்கும்.

ஒரே ஒரு முறைதான் போக முடியும் என்றால், சித்திரை முதல் நாளை ஒட்டிய வாரத்தைத் தேர்ந்தெடுங்கள். வேம்பு முடிந்திருக்காது, கொன்றை தொடங்கியிருக்கும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேண்டாம். பெரியபாளையத்தில் கோயில் கூட்டத்துக்கு நடுவே கார் நகராது.

புறப்படுமுன்

முந்தின நாளே டயர் காற்றைப் பாருங்கள், பெட்ரோலை நிரப்பிவிடுங்கள். ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், தொப்பி, ஒரு பழைய பருத்தித் துண்டு, மூடியுள்ள எவர்சில்வர் தூக்கு ஒன்று, கொஞ்சம் வாழைநார். துண்டும் தூக்கும் நாரும் எதற்கு என்பது பிறகு தெரியும். பைக்கிலும் போகலாம், ஆனால் பகல் 11 மணிக்குமேல் அந்தச் சாலையில் பைக் ஓட்டுவது கடினம். வண்டி இல்லாதவர்களுக்குச் செங்குன்றத்திலிருந்து பெரியபாளையம், ஊத்துக்கோட்டைக்கு பஸ் உண்டு. முழுச் சுற்றும் வராது என்றாலும் பயணத்தின் நல்ல பாதி கையில் கிடைக்கும்.

வாடகைக் கார் எடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஊத்துக்கோட்டையைத் தாண்டினால் ஆந்திரம். எல்லையைக் கடக்க எண்ணமிருந்தால் வாடகை வண்டிக்கு அனுமதிச் சீட்டு வேண்டும் என்பதை ஓட்டுநரிடம் முன்பே பேசிவிடுங்கள்.

ஐந்தரைக்குள் செங்குன்றம்

திருவொற்றியூர், தண்டையார்பேட்டைக்காரர்கள் நாலே முக்காலுக்காவது கிளம்பிவிட வேண்டும். மணலி வழியாக மாதவரம் வந்து, செங்குன்றம் போகும் ஜி.என்.டி. நெடுஞ்சாலையைப் பிடியுங்கள். பெரம்பூர், வியாசர்பாடியிலிருந்து வருபவர்களுக்கு மூலக்கடை வழி. துறைமுக லாரிகள் அந்த நேரத்திலும் ஓடும். அவற்றின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு போகாதீர்கள். முந்துவதானால் முந்திவிடுங்கள், இல்லையென்றால் பின்தங்கி வாருங்கள்.

புழல் ஏரியைக் கடக்கும்போது இருட்டாகவே இருக்கும். செங்குன்றத்தில் ஒரு டீ. இங்கே அரிசி ஆலைகள் நிறைய. விடியற்காலையில் நெல் அவிக்கும் மணம் சாலைவரை வரும். பிறகு நல்லூர் சுங்கச்சாவடி. ஃபாஸ்டேக்கில் பணம் இருக்கிறதா என்று முதல் நாளே பார்த்துக்கொள்ளுங்கள். வலப்பக்கமும் இடப்பக்கமும் சோழவரம் ஊர்கள். இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுபாதை ஒன்று இங்கே இருந்தது. பின்னாளில் பல ஆண்டுகள் அதில் மோட்டார் பந்தயம் நடந்தது. என் அப்பா இளவயதில் சைக்கிளில் போய்ப் பார்த்திருக்கிறார். வேகத்துக்குப் பேர் பெற்ற அந்த இடத்தைக் கடந்ததும்தான் நாம் வேகத்தைக் குறைக்கப் போகிறோம்.

காரனோடையில் கொசஸ்தலையாற்றுப் பாலம். அதைத் தாண்டி ஜனப்பன்சத்திரம் கூட்டுச்சாலையில் இடப்பக்கம் திரும்புங்கள். இங்கிருந்து மேற்கே போகிறீர்கள்; சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் எழும். பூக்கள் எல்லாம் முகத்தில் வெளிச்சம் வாங்கி நிற்கும். இந்தச் சுற்றைத் தலைகீழாகச் செய்து பார்த்தவன் நான். காலையிலும் மாலையிலும் வெயில் கண்ணைக் குத்தியது, மரங்கள் எல்லாம் கறுப்பு நிழலாகத் தெரிந்தன. திசையை மாற்றாதீர்கள்.

மல்லித் தோட்டம்

மஞ்சங்காரணை, கன்னிகைப்பேர் எல்லாம் தாண்டிப் பெரியபாளையத்தை நெருங்கும்போது சாலைக்கு இருபுறமும் தோட்டங்கள். நெல், கீரை, காய்கறிக்கு நடுவே இடுப்புயரப் பச்சைப் புதர்கள் வரிசை வரிசையாகத் தெரிந்தால் அது மல்லி. தூரத்திலிருந்து பார்த்தால் பூவே இருக்காது. வெள்ளைப் பூ விரிந்த தோட்டத்தை எதிர்பார்த்து வருகிறவர்கள் இங்கேதான் தவறவிடுகிறார்கள். விரிந்த மல்லி விவசாயிக்கு நட்டம். மொட்டிலேயே பறித்தாக வேண்டும்.

முதல் வருடம் நான் வீட்டிலிருந்து ஒன்பது மணிக்குக் கிளம்பி, பதினொன்றுக்கு இங்கே வந்து நின்றேன். இலை மட்டும்தான் இருந்தது. பறித்தவர்கள் வீடு போய்விட்டார்கள், பூ சந்தைக்குப் போய்விட்டது. அடுத்த வருடம் ஆறு மணிக்கு வந்தேன். அன்றைக்குப் பார்த்ததை இன்றும் மறக்க முடியவில்லை.

நாலைந்து பெண்கள் ஆளுக்கொரு வரிசையில் குனிந்திருந்தார்கள். இடுப்பில் துணியை மடியாகக் கட்டியிருந்தார்கள். விரல்கள் புதருக்குள் போய் வரும் வேகத்தைக் கண்ணால் தொடர முடியவில்லை. இன்று மாலை விரியப் போகிற மொட்டை மட்டும் எடுக்கிறார்கள். நாளைய மொட்டைத் தொடுவதில்லை. எப்படித் தெரிகிறது என்று கேட்டேன். வரிசையின் கடைசியில் இருந்த அக்கா ஒரு கிளையை என் பக்கம் வளைத்துக் காட்டினார். ஒரே கொத்தில் மூன்று மொட்டுகள். ஒன்று பச்சை கலந்த வெள்ளை, கெட்டியாக, சிறியதாக இருந்தது. அது நாளை மறுநாளுக்கு. அடுத்தது வெளுத்திருந்தது, ஆனால் நுனி கூர்மை. அது நாளைக்கு. மூன்றாவது முத்துப்போல உருண்டு, பால்வெள்ளையாகி, அடியில் காம்பு சற்று நீண்டிருந்தது. "இதுதான் இன்றைக்கு" என்று சொல்லி நகத்தால் கிள்ளாமல் விரல் நுனியால் லேசாகத் திருப்பினார். மொட்டு கைக்கு வந்துவிட்டது. பனி ஈரத்தில் அவர் விரல்கள் வெளுத்துச் சுருங்கியிருந்தன.

தோட்டத்துக்குள் போகும் முறையைச் சொல்கிறேன். வண்டியைச் சாலையோரத்தில், வரப்பை அடைக்காமல் நிறுத்துங்கள். உள்ளே காலை வைப்பதற்குமுன் "அக்கா, வந்து பார்க்கலாமா?" என்று குரல் கொடுங்கள். இந்தப் பக்கம் தெலுங்கு பேசும் குடும்பங்களும் நிறைய. அக்கா என்ற சொல் இரண்டு மொழிக்கும் பொது என்பதால் தயக்கம் வேண்டாம். வரப்பில் மட்டும் நடங்கள். பறிப்பவர்களை நிறுத்தி வைத்துப் படம் எடுக்காதீர்கள். பறித்த எடைக்குத்தான் கூலி என்றால் நீங்கள் பேசும் ஒவ்வொரு நிமிடமும் அவர்கள் பணம். பறித்து முடித்து எடைபோடும் நேரத்தில் பேச்சுக் கொடுத்தால் அவர்களே ஆயிரம் சொல்வார்கள். மார்கழிப் பனியில் பூ குறைந்து விலை ஏறுவதையும், சித்திரையில் பூ கொட்டி விலை இறங்குவதையும் நான் அப்படித்தான் தெரிந்துகொண்டேன். நாம் கண்ணுக்கு விருந்தாகப் பார்க்கும் மாதம் அவர்களுக்கு வேலை அதிகம், காசு குறைவு. ஆகவே பேரம் பேசாமல் கால் கிலோ மொட்டு வாங்குங்கள்.

வாங்கிய மொட்டைப் பிளாஸ்டிக் பையில் போட்டால் வெந்துவிடும். துண்டை நனைத்து, இறுகப் பிழிந்து, அதில் மொட்டைச் சுற்றித் தூக்கில் வையுங்கள். தூக்கைக் காரில் வெயில் படாத இடத்தில், காலடியில் வையுங்கள். உங்கள் கடிகாரம் ஓடத் தொடங்கிவிட்டது.

பெரியபாளையத்து வேம்பு

எட்டு மணிக்குள் பெரியபாளையம் சேர்ந்துவிடலாம். ஆரணியாற்றங்கரையில் பவானி அம்மன் கோயில். இங்கே வேண்டிக்கொண்டவர்கள் வேப்பிலையையே ஆடையாகக் கட்டி வலம் வருவார்கள். வேப்பஞ்சேலை என்று பெயர். ஆடியில் இந்த ஊரே வேப்பிலையாக இருக்கும். பங்குனியில் அதே மரங்களில் பூ.

வேப்பம்பூவைப் பார்க்க மேலே நிமிர்ந்தால் ஒன்றும் தெரியாது, இலைக்குள் மறைந்திருக்கும். இங்கே தரையைப் பாருங்கள். மண்ணில் அரிசிநொய் சிந்தியது போலத் தெரிந்தால் அந்த மரத்தடியில் நின்று மூச்சை இழுங்கள். கசப்பான மரத்துக்குத் தேன் வாசனை. பொதுவாகவே இந்தப் பயணம் முழுக்க இதுதான் நான் புதியவர்களுக்குச் சொல்லும் வழி: முதலில் தரை, பிறகு கிளை. ஓடும் காரிலிருந்து மரங்களைத் தேடுவதைவிடச் சாலையோரம் நிறம் மாறிக் கிடக்கும் மண்ணைத் தேடுவது சுலபம்.

சித்திரை முதல் நாள் பச்சடிக்கோ ரசத்துக்கோ பூ வேண்டுமென்றால், யாருடைய வீட்டு மரம் என்று கேட்டுவிட்டு, கீழே புதிதாக விழுந்ததை மட்டும் பொறுக்குங்கள். கிளையை ஒடிக்க வேண்டாம். காலை உணவு இங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். இட்லிக் கடைகளுக்குக் குறைவில்லை.

ஊத்துக்கோட்டைவரை: மஞ்சளைப் பிரித்துப் பார்த்தல்

இந்தத் துண்டில் சாலையோர மஞ்சள் மரங்கள் புதியவர்களைக் குழப்பும். எல்லாவற்றையும் கொன்றை என்று சொல்லிவிடுவார்கள். பூ தொங்குகிறதா நிமிர்ந்து நிற்கிறதா என்று பாருங்கள். சரத்தைப் போலக் கீழே தொங்கினால் சரக்கொன்றை; பக்கத்திலேயே போன வருடத்துக் காய்கள் கறுத்த குழல்களாகத் தொங்கும். கிளை நுனியில் மேல்நோக்கி, துருநிற மொட்டுகளோடு நின்றால் அது இயல்வாகை. வெளிநாட்டிலிருந்து வந்து நம் தெருக்களில் நிழலுக்காக நடப்பட்ட மரம். இலைகளுக்கு நடுவே தனித்தனியாக மணிபோல மஞ்சள் பூ, பழசானது சிவந்து வாடியிருந்தால் பூவரசு.

கொன்றைப்பூ ஒன்று கீழே கிடைத்தால் எடுத்துப் பாருங்கள். ஐந்து இதழ். நடுவில் பத்து மகரந்தக் கம்பிகள். அவற்றில் மூன்று மட்டும் நீண்டு, கொக்கிபோல வளைந்து மேலே எழும். சிவன் தலையில் சூடிய பூ என்று சின்ன வயதிலிருந்து கேட்டிருந்தும் அந்த மூன்று வளைவுகளை நாற்பது வயதில்தான் முதல்முறை பார்த்தேன். அன்றிலிருந்து எந்தப் பூவையும் கையில் வைத்துப் பார்க்காமல் பெயர் சொல்வதில்லை.

ஊத்துக்கோட்டையிலிருந்து இரண்டு மூன்று கிலோமீட்டரில் ஆந்திரப் பக்கம் சுருட்டப்பள்ளி. சிவன் பள்ளிகொண்ட கோலத்தில் இருக்கும் கோயில். போக விரும்புகிறவர்கள் பத்து மணிக்குள் போய்வந்துவிடுங்கள். பிரதோஷ நாளில் கூட்டம் அதிகம்.

காட்டுச்சாலையும் பூண்டியும்

ஊத்துக்கோட்டையிலிருந்து தெற்கே சீத்தஞ்சேரி வழியாகப் பூண்டி. கண்டலேறு அணையிலிருந்து வரும் கிருஷ்ணா நீர், எல்லையிலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர் கால்வாயில் ஓடிப் பூண்டி ஏரியில் சேர்கிறது. சென்னைக்காரர்கள் குடிக்கும் தண்ணீரில் ஒரு பகுதி இந்த வழியாகத்தான் வருகிறது. நடுவில் காப்புக்காடு. வறண்ட புதர்க்காடுதான், அடர்ந்த வனமில்லை. நுணாவின் வெள்ளைப் பூ, ஆவாரையின் மஞ்சள், சித்திரையானால் வாகையின் பொன்பச்சைக் குஞ்சம். வாகையைக் காதால் கண்டுபிடிக்கலாம். போன பருவத்து நெற்றுகள் காற்றில் கலகலக்கும். இங்கே சாலையை விட்டு இறங்க வேண்டாம். காய்ந்த புல்லில் பாம்பு இருக்கும். ஒரு தீக்குச்சி போதும், காடு பற்றிக்கொள்ளும். காரிலிருந்தே மெதுவாகப் பாருங்கள்.

பதினோரு மணிக்குள் பூண்டி. கொசஸ்தலையாற்றின் குறுக்கே 1944இல் கட்டி முடித்த நீர்த்தேக்கம். சென்னை மேயராக இருந்த சத்தியமூர்த்தியின் பெயர் தாங்கியது. கோடையில் நீர் குறைந்திருக்கும், ஏமாற வேண்டாம். அருகில் தொல்பழங்கால அகழ்வைப்பகம் என்ற அருங்காட்சியகம் இருக்கிறது. பக்கத்து அத்திரம்பாக்கத்தில் கிடைத்த கற்கருவிகளின் காலம் 15 லட்சம் ஆண்டுகள் என்று 2011இல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அப்படிப்பட்ட கைக்கோடரிகளைக் கண்ணெதிரே பார்க்கலாம்.

பதினொன்றிலிருந்து மூன்றரைவரை எந்தப் பூவையும் பார்க்க முயல வேண்டாம். வெயிலில் நிறமெல்லாம் வெளுத்துத் தெரியும், உங்களுக்கும் தலைவலி வரும். நல்ல நிழலாகப் பார்த்துச் சாப்பிடுங்கள், நுங்கோ தர்பூசணியோ கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், பிறகு தூக்கைத் திறங்கள்.

மொட்டை விரியுமுன் கட்டியாக வேண்டும். நாரை நனைத்துக்கொள்ளுங்கள். இடக்கைப் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இரண்டு மொட்டு, காம்பு உள்நோக்கி இருக்கட்டும்; எதிர்ப்பக்கம் இரண்டு, அதுவும் காம்பு உள்நோக்கி. நாரை ஒரு சுற்றுச் சுற்றி, விரலில் வளையம் போட்டு அதற்குள் நுழைத்து இழுங்கள். இறுக்கினால் காம்பு அறுந்து மொட்டு விழும். தளர்த்தினால் அந்தி நேரத்தில் உருவிக்கொள்ளும். முதல் முழம் கோணலாகத்தான் வரும். இரண்டாவது முழத்தில் கை பழகிவிடும். என் மகனுக்கு இங்கே, ஒரு புங்க நிழலில்தான் பூக்கட்டச் சொல்லிக்கொடுத்தேன். இன்று அவன் என்னைவிட நெருக்கமாகக் கட்டுகிறான். கட்டிய சரத்தை மறுபடி ஈரத்துண்டில் சுற்றுங்கள்.

திரும்பும் வழி

மூன்றரைக்குப் புறப்பட்டுத் திருவள்ளூர் வந்து, ஈக்காடு, வெள்ளியூர், தாமரைப்பாக்கம் கூட்டுச்சாலை வழியாகச் செங்குன்றத்துக்கு. இப்போது கிழக்கே போகிறீர்கள். சாயும் வெயில் மறுபடியும் முதுகுக்குப் பின்னால். குல்மோகர் பூத்திருந்தால் இந்த வெளிச்சத்தில் பாருங்கள். நான்கு இதழ் முழுச் சிவப்பு, ஐந்தாவது மட்டும் வெள்ளையில் சிவப்புத் தெறித்திருக்கும். தூங்குமூஞ்சி மரங்கள் வெளிச்சம் மங்கியதும் இலைகளை மடிக்கத் தொடங்கும். இலை ஒடுங்க ஒடுங்க இளஞ்சிவப்புக் குஞ்சங்கள் துலக்கமாகத் தெரியும். காலையில் அதே மரத்தைக் கடந்தவர்கள்கூட இப்போதுதான் பூவைக் கவனிப்பார்கள். பார்த்தவுடன் பிரேக் போடாதீர்கள். பின்னால் வருகிறவர் பூப்பார்க்க வரவில்லை. தாண்டிப் போய் நிறுத்திவிட்டு நடந்து வாருங்கள்.

ஆறு மணியளவில் செங்குன்றத்தை நெருங்கும்போது துண்டைப் பிரித்துச் சரத்தை வெளியே எடுத்து யார் தலையில் வைக்க வேண்டுமோ வைத்துவிடுங்கள், அல்லது காரின் முன்பக்கம் தொங்கவிடுங்கள். முதலில் நாலைந்து மொட்டு நுனி பிளக்கும். பிறகு எல்லாம். ஜி.என்.டி. சாலையில் லாரிப் புழுதி தொடங்கியதும் கண்ணாடிகளை ஏற்றிவிடுங்கள். வாசனை உள்ளேயே தங்கும்.